சிறுநீரகம் தளர்ந்த வயதான பூனைக்குத் தாது மருந்துகள்: எதை முதலில், எதை எப்போது, எதைத் தொடவே கூடாது

பூனைக்குப் பத்துப் பன்னிரண்டு வயது தாண்டிவிட்டது, தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகர்வதில்லை, முதுகெலும்பு கையில் தட்டுப்படுகிறது, மிருக வைத்தியர் இரத்தம் எடுத்துப் பார்த்து கிட்னி என்று சொல்லிவிட்டார். இந்த இடத்தில் நிற்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். என் பூரணிக்கு 14 வயதில் இது தெரியவந்தது, அதற்குப் பிறகு மூன்று வருடங்கள் அவளுக்கு என் கையால்தான் எல்லாம் கொடுத்தேன். அப்புறம் இங்கே திருகோணமலையில் உவர்மலையிலும் உப்புவெளியிலும் நாலைந்து வீடுகளில் இதையே கூட இருந்து சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எல்லா வீட்டிலும் சறுக்கிய இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் அவற்றை அந்தந்தப் படியிலேயே எழுதியிருக்கிறேன்.

அளவுகளைச் சொல்லுவேன், ஆனால் உங்கள் பூனைக்கான அளவை முடிவு செய்ய வேண்டியவர் அதைப் பரிசோதித்த வைத்தியர். நான் எழுதும் அளவுகள் அவரோடு விளங்கிக் கதைப்பதற்கும், டப்பாவில் உள்ள எழுத்தைத் தவறாக வாசிக்காமல் இருப்பதற்கும்.

1. இரத்த ரிப்போர்ட் வரும்வரை எதையும் கொடுக்க வேண்டாம்

மினரல் என்றதும் எல்லோருக்கும் சத்து என்ற எண்ணம்தான் வருகிறது, மெலிந்த பூனைக்குச் சத்துக் கொடுத்தால் நல்லதுதானே என்று. சிறுநீரகம் தளர்ந்த உடம்பில் அந்தக் கணக்குச் சரிவராது. பொஸ்பரஸ் வெளியேற முடியாமல் இரத்தத்தில் தேங்குகிறது. பொட்டாசியம் பெரும்பாலும் சிறுநீரோடு வழிந்து போய்விடுகிறது, ஆனால் நோய் மிக முற்றிய பூனையில் அதுவும் தேங்கத் தொடங்கலாம். கல்சியம் கூடியும் இருக்கலாம், குறைந்தும் இருக்கலாம். ஆக, ஒன்றைப் பிடித்து வெளியே அனுப்ப வேண்டும், இன்னொன்றை உள்ளே கொடுக்க வேண்டும், மூன்றாவதைத் தொடாமல் இருக்க வேண்டும். எது எந்தப் பக்கம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

கேட்டு எடுக்க வேண்டியவை: கிரியேற்றினின், யூரியா, பொஸ்பரஸ், பொட்டாசியம், சோடியம், கல்சியம், இரத்த அணுக்களின் எண்ணிக்கை, சிறுநீரின் அடர்த்தி. கிட்னி டெஸ்ட் என்று மட்டும் சொன்னால் கிரியேற்றினினும் யூரியாவும் மட்டும் வந்து நிற்கும். அதை வைத்து நோய் உண்டா என்று தெரியும், எதைக் கொடுப்பது என்று தெரியாது.

காலையில் சாப்பாட்டுக்கு முன் இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள், சாப்பிட்டவுடன் எடுத்தால் பொஸ்பரஸ் கூடிக் காட்டும். தண்ணீரை மட்டும் ஒருபோதும் நிறுத்தாதீர்கள்.

இங்கே பெரும்பாலும் மனிதர்களுக்கான ஆய்வுகூடத்துக்குத்தான் இரத்தம் போகிறது. அதில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. ஒன்று, ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் இயல்பான அளவு மனிதருடையது. கிரியேற்றினின் 1.5 இருந்தால் மனிதருக்குக் கூட என்று குறி போட்டுவிடுவார்கள், பூனைக்கு அது இயல்பாகவே இருக்கலாம். மற்றது, ஊதா மூடிக் குழாய். அந்தக் குழாய்க்குள் இரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருக்கும் பொருளிலேயே பொட்டாசியம் இருக்கிறது. அணுக்களை எண்ணுவதற்கு அந்தக் குழாய் சரி, ஆனால் அதிலிருந்து கொஞ்சத்தை மற்றக் குழாய்க்கு ஊற்றினால் பொட்டாசியம் பொய்யாகக் கூடியும் கல்சியம் பொய்யாகக் குறைந்தும் வரும். ஒரு வீட்டில் இப்படி வந்த ரிப்போர்ட்டைப் பார்த்துப் பொட்டாசியம் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள், பூனையோ தலையை நிமிர்த்தவே முடியாமல் கிடந்தது. பூனையின் நிலைக்கும் ரிப்போர்ட்டுக்கும் பொருந்தவில்லை என்றால் மறுபடி எடுக்கச் சொல்வதில் தவறே இல்லை.

இலக்கு என்ன என்பதற்கு உலகம் முழுக்க மிருக வைத்தியர்கள் பார்ப்பது ஐரிஸ் என்ற சர்வதேச அமைப்பின் படிநிலைகளை. கிரியேற்றினின் ஒரு டெசிலீற்றருக்கு 1.6 முதல் 2.8 மில்லிகிராம் வரை இரண்டாம் நிலை, 2.9 முதல் 5.0 வரை மூன்றாம் நிலை, 5.0க்கு மேல் நான்காம் நிலை. பொஸ்பரஸை இரண்டாம் நிலையில் 4.6க்குக் கீழும், மூன்றாம் நிலையில் 5.0க்குக் கீழும், நான்காம் நிலையில் 6.0க்குக் கீழும் கொண்டுவரப் பார்ப்பார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் அலகு மில்லிமோலில் இருந்தால் பொஸ்பரஸை 3.1ஆல் பெருக்குங்கள். கிரியேற்றினின் மைக்ரோமோலில் இருந்தால் 88.4ஆல் வகுங்கள். அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்துப் பயந்தவர்களும் உண்டு, நிம்மதியடைந்தவர்களும் உண்டு, இரண்டுமே கூடாது.

2. வீட்டில் முன்கூட்டியே இருக்க வேண்டியவை

ஒரு நல்ல தராசு. மருந்தின் அளவு பூனையின் நிறையை வைத்துத்தான், அதோடு நிறை குறைவதுதான் எல்லாவற்றுக்கும் முன் வரும் எச்சரிக்கை. குழந்தை நிறுக்கும் தராசு கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் கூடையோடு தொங்கவிடும் சின்ன டிஜிற்றல் தராசு போதும். நீங்கள் ஏறி நின்று பூனையைத் தூக்கிக்கொண்டு நிறுத்துக் கழிக்கும் முறையில் 200, 300 கிராம் வித்தியாசம் தெரியாமலே போய்விடும், மூன்று கிலோப் பூனைக்கு 300 கிராம் என்பது உடம்பில் பத்தில் ஒரு பங்கு.

ஊசி இல்லாத 1 மி.லீ. சிரிஞ், 5 மி.லீ. சிரிஞ், குளிசை வெட்டி, குளிசையைத் தூளாக்கச் சின்ன உரல், மூடி இறுக்கமான போத்தல்கள், ஒரு கொப்பி, ஒரு பழைய சாரம். தூளை எடுக்கும் கரண்டி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மார்கழி மழைக்கு இங்கே எல்லாத் தூளும் ஈரம் பிடித்துக் கட்டியாகிவிடும், கட்டியான தூளில் அளவு சரியாக வராது.

3. மருந்துக்கு முன் சாப்பாடும் தண்ணீரும்

இதைத் தாண்டிக்கொண்டு நேராக மருந்துக்குப் போவதுதான் நான் அதிகம் பார்த்த பிழை. ஒரு கையால் நெத்தலியைத் தலையோடும் முள்ளோடும் போட்டுக்கொண்டு மறு கையால் பொஸ்பரஸைப் பிடிக்கும் மருந்தைக் கொடுத்தால் மருந்து எதை என்று பிடிக்கும்? பொஸ்பரஸ் அதிகம் இருப்பது எலும்பில். சூடை, சாளை, நெத்தலி போன்றவற்றை இங்கே முள்ளோடுதான் பூனைக்குப் போடுகிறோம், அவை மலிவு, பூனைக்கும் உயிர். கருவாட்டில் முள்ளோடு உப்பும் சேர்கிறது. தயிர், பால் எல்லாவற்றிலும் பொஸ்பரஸ் இருக்கிறது, கிண்ணியாத் தயிர் எவ்வளவு நல்லதென்றாலும் இந்தப் பூனைக்கு வேண்டாம்.

சிறுநீரகப் பூனைகளுக்கென்று தயாரித்த உணவு கிடைத்து, அதைப் பூனையும் சாப்பிட்டால் அதற்கு ஈடில்லை. அதில் பொஸ்பரஸ் குறைவு, பெரும்பாலானவற்றில் பொட்டாசியமும் சேர்த்திருப்பார்கள், சில பூனைகளுக்கு அதற்கு மேல் மருந்தே தேவைப்படாது. ஆனால் இரண்டு முதல் நான்கு கிழமை எடுத்து, பழைய சாப்பாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். பசித்தால் தின்னும் என்று பட்டினி போடாதீர்கள். இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனைக்கு ஈரலில் கொழுப்பு ஏறி அதுவே உயிருக்கு ஆபத்தாகும்.

அது கிடைக்கவில்லை, அல்லது முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகிறது என்றால், இருக்கும் சாப்பாட்டிலேயே பொஸ்பரஸைக் குறைக்கலாம். பாரை, கும்பளா போன்ற மீனின் சதையை மட்டும் முள் நீக்கி எடுங்கள், அல்லது கோழி நெஞ்சு இறைச்சி. நிறையத் தண்ணீரில் அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள், பொஸ்பரஸில் ஒரு பகுதி அதோடு போகும். ஆனால் பொட்டாசியமும் கூடவே போகும், அதை 5ஆம் படியில் கணக்கில் எடுக்க வேண்டும். அவித்த முட்டையில் வெள்ளைக்கருவை மட்டும் சேருங்கள், பொஸ்பரஸ் மஞ்சள்கருவில்தான் இருக்கிறது. வெங்காயம், உள்ளி, உப்பு எதுவும் வேண்டாம். இப்படி வீட்டுச் சாப்பாட்டை மட்டும் மாதக்கணக்கில் கொடுப்பதென்றால் டோரின் (பூனைக்கு அவசியமான ஒரு அமினோ அமிலம்), விட்டமின்கள் பற்றி வைத்தியரிடம் கட்டாயம் கேளுங்கள், இது முழுச் சாப்பாடு இல்லை.

தண்ணீர். கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர்ப்பு இருக்கிறது, நம் நாக்குக்குத் தெரியாத உவர்ப்பும் இருக்கிறது. இந்தப் பூனைக்குக் குழாய்த் தண்ணீரை அல்லது கொதிக்கவைத்து ஆறிய நல்ல தண்ணீரை வையுங்கள், ஒரு இடத்தில் அல்ல, மூன்று நான்கு இடங்களில். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலையில் நிரப்பிய கிண்ணம் மதியத்தில் சூடேறிக் கிடக்கும், மாற்றுங்கள். உடம்பில் நீர் வற்றிய பூனைக்கு எந்தத் தாதுவின் அளவும் ரிப்போர்ட்டில் சரியாக வராது, அதனால்தான் இது மருந்துக்கு முன்னால் வருகிறது.

4. பொஸ்பரஸைப் பிடிக்கும் மருந்து

சாப்பாடு மாறி நான்கு கிழமை கழித்தும் பொஸ்பரஸ் இலக்குக்கு மேலே நின்றால்தான் இது. முதல் ரிப்போர்ட்டிலேயே மிகக் கூடுதலாக இருந்தால் வைத்தியர் உடனே தொடங்கச் சொல்லலாம்.

இது எப்படி வேலை செய்கிறது என்று விளங்கினால் பாதிப் பிழை நடக்காது. இந்த மருந்து இரத்தத்துக்குள் போய் எதையும் செய்வதில்லை. குடலுக்குள் சாப்பாட்டில் இருக்கும் பொஸ்பரஸோடு ஒட்டிக்கொண்டு மலத்தோடு வெளியே போகிறது, அவ்வளவுதான். ஆகவே சாப்பாட்டோடு சேர்ந்துதான் வயிற்றுக்குள் போக வேண்டும். வெறும் வயிற்றில் கொடுத்தால் வீண். பூனை அன்று சாப்பிடவில்லை என்றால் அந்த வேளை மருந்தும் வேண்டாம், நாளைக்கு இரண்டு வேளை அளவைச் சேர்த்துக் கொடுக்கவும் வேண்டாம். காலைச் சாப்பாட்டில் மட்டும் போட்டுவிட்டு இரவில் தனியே மீன் கொடுத்தால் இரவுப் பொஸ்பரஸ் அப்படியே உள்ளே போகும்.

பொதுவாகத் தொடங்கும் அளவு, நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 60 மில்லிகிராம், அதை வேளைகளுக்குப் பிரித்து. பூரணி அப்போது 3.2 கிலோ. ஆக நாளுக்கு 96 முதல் 192 மில்லிகிராம், இரண்டு வேளையாகப் பிரித்தால் ஒரு வேளைக்கு ஏறக்குறைய 50 முதல் 95 வரை. ஒரு 500 மில்லிகிராம் குளிசையில் அது பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரைதான். வெட்டி எடுக்க முடியாத அளவு, அதனால் முழுக் குளிசையையும் மாவாகத் தூளாக்கி, காகிதத்தில் பரப்பிச் சமமாகப் பிரித்து வைப்பேன்.

எந்த மருந்து என்பதை ரிப்போர்ட்டின் கல்சியம்தான் முடிவு செய்யும். கல்சியம் காபனேற்று, கல்சியம் அசிற்றேற்று இரண்டும் பொஸ்பரஸைப் பிடிக்கும், ஆனால் கல்சியம் ஏற்கனவே மேல் எல்லையில் இருந்தால் அவை கூடாது. அலுமினியம் ஐதரொட்சைட்டு வலுவாகப் பிடிக்கும், மணமும் சுவையும் குறைவு, ஆனால் மலச்சிக்கல் வரும், நீண்ட காலம் கூடிய அளவில் கொடுத்தால் அலுமினியம் உடம்பில் சேர்ந்து தசைத் தளர்ச்சி வரலாம். லந்தனம் காபனேற்று என்று இன்னொன்றும் உண்டு, கல்சியமும் இல்லை அலுமினியமும் இல்லை, விலைதான் கூட.

இந்தப் படியில் மிகவும் கவனிக்க வேண்டியது பாமசியில் நடப்பது. அலுமினியம் ஐதரொட்சைட்டு என்று கேட்டால் நெஞ்செரிவுக்கான வெள்ளைப் பாணி மருந்தை எடுத்துத் தருவார்கள். அதில் பெரும்பாலும் மக்னீசியம் ஐதரொட்சைட்டும் சேர்ந்திருக்கும். மக்னீசியம் வெளியேறுவதும் சிறுநீரகம் வழியாகத்தான், தளர்ந்த சிறுநீரகத்தில் அதுவும் தேங்கும். அதோடு புதினா வாசம் சேர்த்திருப்பார்கள், பூனையின் வாயில் நுரை தள்ளி அந்தச் சாப்பாட்டையே பிறகு தொடாது. லேபலில் உள்ள எல்லாப் பெயர்களையும் வாசியுங்கள். ஒரே ஒரு பெயர் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

கலக்கும் விதம்: இந்த மருந்து முழுச் சாப்பாட்டிலும் பரவியிருக்க வேண்டும், அதனால் ஒரு வேளைக்குரியதை ஈரமாகப் பிசைந்து தூளை அதற்குள் நன்றாகக் கலந்துவிடுங்கள். முதல் நாள் முழு அளவு போடாதீர்கள். விரல் நுனியளவில் தொடங்கி ஒரு கிழமையில் முழு அளவுக்கு வாருங்கள். பூனை ஒரு தரம் சாப்பாட்டைச் சந்தேகப்பட்டால் பழைய நம்பிக்கையைத் திரும்ப எடுப்பது பெரிய பாடு.

5. பொட்டாசியம்

பொட்டாசியம் குறைந்த பூனையைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. கழுத்து முன்னால் தொங்கும், தாடை நெஞ்சைத் தொடுகிற மாதிரி, மேலே பார்க்க வேண்டுமென்றால் கண்ணை மட்டும் உருட்டும். கதிரையில் பாய மாட்டாது. சாப்பாட்டில் விருப்பம் குறையும், மலம் இறுகும். வயது போய்விட்டது, அதுதான் என்று நாங்களும் இரண்டு மாதம் இருந்துவிட்டோம், இதை எழுதும்போதும் நெஞ்சு கனக்கிறது. இது சரிப்படுத்தக்கூடிய குறை, தொடங்கிச் சில நாட்களில் பூரணி மறுபடி யன்னல் கட்டில் ஏறினாள்.

இரத்தத்தில் 3.5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் கொடுக்க வேண்டும் என்பதில் பெரும்பாலும் வைத்தியர்களிடம் மாற்றுக் கருத்து இல்லை, 4க்கு மேலே வைத்திருக்கப் பார்ப்பவர்களும் உண்டு. ஆனால் தொடங்குமுன் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும்.

பூனை சிறுநீர் தாராளமாகக் கழிக்கிறதா? கடுவன் பூனை முக்கிமுக்கி நின்று துளிகூட வராமல் இருந்தால் அது அடைப்பு, பொட்டாசியம் மணிக்கணக்கில் ஏறி இதயத்தை நிறுத்திவிடும். அந்த நேரத்தில் பொட்டாசியம் நஞ்சு.

பெனாசெப்ரில், டெல்மிசார்டன் போன்ற மருந்து ஏதாவது போகிறதா? இரத்த அழுத்தத்துக்கோ, சிறுநீரில் புரதம் போவதற்கோ கொடுப்பவை. அவை பொட்டாசியத்தைக் கூட்டும்.

நோய் நான்காம் நிலையிலா? அப்படியென்றால் பொட்டாசியம் குறைவாகத்தான் இருக்கும் என்று நினைக்கவே கூடாது, எண் கையில் வேண்டும்.

இனி எந்த வடிவம். குளுக்கோனேற்று அல்லது சித்திரேற்று, இந்த இரண்டில் ஒன்று. வழக்கமான அளவு ஒரு கிலோ நிறைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிமோல், இரண்டாகப் பிரித்து.

குளுக்கோனேற்றை இங்கே பலர் கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தக்காரர் மூலம் எடுப்பிக்கிறார்கள், அங்கேதான் ஒரு பெரிய குழப்பம். டப்பாவில் 595 மில்லிகிராம் என்றும் இருக்கும், 99 மில்லிகிராம் என்றும் இருக்கும். 595 என்பது முழு உப்பின் நிறை, 99 என்பது அதற்குள் இருக்கும் பொட்டாசியம் மட்டும். இரண்டும் ஒரே குளிசைதான், அதில் ஏறக்குறைய 2.5 மில்லிமோல் இருக்கிறது. வைத்தியர் எழுதியது மில்லிமோலா, மில்லிகிராம் உப்பா, மில்லிகிராம் பொட்டாசியமா என்று வாய்விட்டுக் கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள். மாற்றி விளங்கினால் ஆறு மடங்கு கூடும் அல்லது ஆறு மடங்கு குறையும்.

பூரணிக்கு முதலில் காலை அரைக் குளிசை, இரவு அரைக் குளிசை. நாளுக்கு 2.5 மில்லிமோல், அவள் நிறைக்கு அது வழக்கமான அளவிலும் கொஞ்சம் குறைவு, வைத்தியர் வேண்டுமென்றே குறைத்துத் தொடங்கினார். பத்தாம் நாள் இரத்தம் எடுத்தோம், 3.1 இருந்தது 3.4 ஆகியிருந்தது. பிறகு முக்கால் குளிசை இரண்டு வேளை, அதில் 4.1க்கு வந்து நின்றது.

பொட்டாசியம் குளோரைட்டைத் தவிர்க்கப் பாருங்கள். பாமசியில் பொட்டாசியம் என்று கேட்டால் சுலபமாகக் கிடைப்பது அதுதான், மெதுவாகக் கரையும் 600 மில்லிகிராம் குளிசை. அதில் 8 மில்லிமோல் இருக்கிறது, மூன்று கிலோப் பூனைக்கு ஒரே தடவையில் அது மிகக் கூட. நசுக்கினால் மெதுவாகக் கரையும் ஏற்பாடும் போய்விடும், தொண்டையில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கிவிடும். ஒருவர் குளுக்கோனேற்று என்று எழுதிய துண்டோடு போய் இதை வாங்கிவந்து, நசுக்கப்போகும் நேரத்தில் என்னிடம் காட்டினார். துண்டில் இருக்கும் பெயரும் பெட்டியில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள்.

சித்திரேற்றுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, இரத்தத்தில் கூடிய அமிலத்தையும் கொஞ்சம் குறைக்கும். ஆனால் அலுமினியம் ஐதரொட்சைட்டோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது. சித்திரேற்று அலுமினியத்தை உடம்புக்குள் இழுத்துவிடும், குடலோடு போக வேண்டியது இரத்தத்துக்குள் போய்விடும். அலுமினியம் கொடுக்கும் வீடுகளுக்குக் குளுக்கோனேற்றுதான் நல்லது என்பது என் எண்ணம், அதுவே பூனைக்கும் சுவையில் அதிகம் உறுத்தாது.

இளநீர் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். செவ்விளநீரில் பொட்டாசியம் நிறைய இருப்பது உண்மை. ஒவ்வொரு காயிலும் அளவு வேறு, நீங்கள் அளந்து கொடுப்பது தண்ணீரைத்தான், பொட்டாசியத்தை அல்ல. ரிப்போர்ட்டில் பொட்டாசியம் கூடியிருக்கும் பூனைக்கு, கிட்னிக்குக் குளிர்ச்சி என்று சொல்லி இளநீர் பருக்குவது பெரிய ஆபத்து. தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பக்கெற்றும் அப்படித்தான், அதில் சோடியமும் சேர்ந்திருக்கிறது, அது வயிற்றோட்டத்துக்கானது.

தோலுக்குக் கீழே சேலைன் ஏற்றும் பூனை என்றால் இன்னும் ஒரு விஷயம். சாதாரண சேலைனில் பொட்டாசியம் இல்லவே இல்லை. லக்ரேற்று சேர்ந்த திரவத்தில் ஒரு லீற்றருக்கு 4, 5 மில்லிமோல்தான் இருக்கும், 100 மி.லீ. ஏற்றினால் அரை மில்லிமோல்கூடப் போகாது, சிறுநீர் கூடுவதால் இன்னும் கொஞ்சம் வெளியேறும். ஆகவே சேலைன் போகிறது என்பதால் வாய்வழி மருந்தை நிறுத்தாதீர்கள். வீட்டில் இருந்துகொண்டு சேலைன் பைக்குள் பொட்டாசியம் ஊசி மருந்தை நீங்களாகச் சேர்ப்பதை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

சரியான அளவு கொடுத்தும் பொட்டாசியம் ஏறவில்லை என்றால் மக்னீசியம் குறைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், அது குறைந்தால் பொட்டாசியம் உடம்பில் நிற்காது.

6. நீங்களாகத் தொடக் கூடாதவை

கல்சியம் சிரப். எலும்பு தெரிகிறதே என்று பிள்ளைகளுக்கு வாங்கியதில் மிச்சம் இருப்பதை ஊற்றுவது இங்கே சாதாரணம், எங்கள் வீட்டிலும் அம்மா பாசத்தில் நாலு நாள் ஊற்றினார். அதில் பெரும்பாலும் விட்டமின் டியும் இருக்கும். பொஸ்பரஸ் கூடிய இரத்தத்தில் கல்சியமும் கூடினால் இரண்டும் சேர்ந்து சிறுநீரகத்திலும் இரத்தக் குழாய்களிலும் சுண்ணாம்பாகப் படியும். மிஞ்சியிருக்கும் சிறுநீரகத்தை நம் கையாலேயே கல்லாக்குவது போல. பொஸ்பரஸைப் பிடிப்பதற்காகச் சாப்பாட்டோடு கொடுக்கும் கல்சியம் காபனேற்று வேறு, சத்துக்கென்று சும்மா ஊற்றுவது வேறு.

இரும்பு. ஈறு வெளிறியிருப்பதைப் பார்த்து இரும்புச் சிரப் கொடுக்கிறார்கள். சிறுநீரகப் பூனைக்கு இரத்தம் குறைவதற்கு முக்கிய காரணம் இரத்தம் ஊறச் சொல்லும் இயக்குநீரைச் சிறுநீரகம் போதிய அளவு சுரக்காதது. இரும்பு தேவைப்படும் பூனைகளும் உண்டு, அப்போது வைத்தியர் பெரும்பாலும் ஊசியாகவே போடுவார், வாயால் கொடுத்தால் வயிறு குழம்பும்.

அப்பச்சோடா. இரத்தத்தில் அமிலம் கூடியிருந்தால் வைத்தியர் சொல்லுவார். நிறையச் சோடியம் உள்ளது, கரண்டி அளவில் நீங்களாகப் போட வேண்டாம்.

பி வகை விட்டமின்கள் சிறுநீரோடு கழிந்து போவதால் பலருக்கும் எழுதித் தருகிறார்கள், அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் எல்லாம் சேர்ந்த மல்டிவிட்டமின் வேண்டாம், அதற்குள் டியும் இருக்கும், பொஸ்பரஸும் இருக்கலாம்.

தாது இல்லாவிட்டாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது: பரசிற்றமோல் ஒரு துண்டுகூடப் பூனையைக் கொன்றுவிடும்.

7. ஒரே கிழமையில் இரண்டைத் தொடங்காதீர்கள்

புதுச் சாப்பாடு, பொஸ்பரஸ் மருந்து, பொட்டாசியம் எல்லாவற்றையும் வைத்தியர் ஒரே துண்டில் எழுதித் தந்திருப்பார். வீட்டுக்கு வந்த அன்றே மூன்றையும் தொடங்கினால், மறுநாள் பூனை சத்தி எடுக்கும்போது எதனால் என்று யாருக்கும் தெரியாது, மூன்றையும் நிறுத்துவீர்கள், திரும்பத் தொடங்கப் பயம் வரும். நான் பார்த்தவர்களில் இடையில் கைவிட்டவர்கள் எல்லோரும் இந்த வழியில்தான் கைவிட்டார்கள்.

கழுத்துத் தொங்கும் அளவுக்குப் பொட்டாசியம் குறைந்திருந்தால் அதுதான் முதல், மற்றவை காத்திருக்கலாம். அப்படி இல்லையென்றால் சாப்பாடு, பிறகு பொஸ்பரஸ் மருந்து, பிறகு பொட்டாசியம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் குறைந்தது ஒரு கிழமை. இந்த ஒழுங்கை வைத்தியரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், அவசரமான ஒன்றை நீங்கள் தள்ளிப் போட்டுவிடக் கூடாது.

நாளுக்குள் நேரமும் முக்கியம். பொஸ்பரஸைப் பிடிக்கும் மருந்து மற்ற மருந்துகளையும் பிடிக்கும், சில அன்ரிபயோற்றிக்குகளையும் இரும்பையும் குறிப்பாக. அவற்றுக்கு நடுவில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். எங்கள் வீட்டில் காலை ஆறரைக்குச் சாப்பாடும் பொஸ்பரஸ் மருந்தும், ஒன்பது மணிக்கு ஒரு சின்ன உருண்டை மீனில் பொட்டாசியம், இரவும் அதே இடைவெளி.

8. வாய்க்குள் போகும் விதம்

பொட்டாசியத்தை முழுச் சாப்பாட்டிலும் கலக்க வேண்டாம், பாதியில் விட்டுப் போனால் எவ்வளவு போனது என்று தெரியாது. ஒரு தேக்கரண்டி மீனில் கலந்து தனியே கொடுங்கள், வேறு சாப்பாடு கொடுப்பதென்றால் அது முடிந்த பிறகு. ஆனால் வெறும் வயிற்றில் கொடுத்தால் சத்தி வரலாம், வயிறு வெறுமையாக இருந்தால் உடனே சாப்பாடு பின்னால் வர வேண்டும்.

குளிசையாகக் கொடுப்பதென்றால் சாரத்தில் சுற்றி மடியில் வைத்து, நாக்கின் மேல், தொண்டைப் பக்கமாகப் பின்னால் தள்ளிவிட்டு, உடனே 5 மி.லீ. தண்ணீரைக் கன்னத்தின் பக்கமாக மெதுவாக விடுங்கள். தண்ணீர் விடாத குளிசை பூனையின் தொண்டைக் குழாயில் நெடுநேரம் தங்கிப் புண்ணாக்கும். தலையை அண்ணாந்து பிடித்துக்கொண்டு தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

9. கொப்பியும் மறு பரிசோதனையும்

திகதி, நிறை, சாப்பிட்ட அளவு, ஒவ்வொரு மருந்தும் கொடுத்த நேரம், சத்தி, மலம், மணலில் அல்லது தட்டில் சிறுநீர்க் கட்டிகள் எத்தனை. ஒரு நாளுக்கு ஒரு வரி போதும். வீட்டில் இரண்டு பேர் கொடுப்பவர்களாக இருந்தால் கொப்பி இல்லாமல் முடியவே முடியாது, அப்பா ஒரு தடவை, மகள் ஒரு தடவை என்று பொட்டாசியம் இரட்டிப்பாகப் போனதை நான் நேரில் பார்த்தேன். நிறையைக் கிழமைக்கு ஒரு நாள், சாப்பாட்டுக்கு முன், அதே தராசில்.

பொட்டாசியம் தொடங்கினாலோ அளவை மாற்றினாலோ 7 முதல் 14 நாளுக்குள் இரத்தம் பாருங்கள். பொஸ்பரஸுக்கு 4 முதல் 6 கிழமை. எண்கள் நிலையாக நின்ற பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போதும். கல்சியம் உள்ள மருந்து போகிறதென்றால் ஒவ்வொரு தடவையும் கல்சியமும் சேர்த்து. பூனை நன்றாக இருக்கிறது, எதற்கு வீண் செலவு என்று விடாதீர்கள். பூனை நன்றாக இருக்கும்போது எடுத்த எண்தான் பிறகு மோசமாகும்போது ஒப்பிட உதவும். சிக்கலான நிலை என்றால் பேராதனை விலங்கு மருத்துவ பீடத்தின் போதனா வைத்தியசாலைக்கும் இங்கிருந்து கொண்டு போகிறவர்கள் உண்டு, போகும்போது கொப்பியும் எல்லா ரிப்போர்ட்டுகளும் கையில் இருக்கட்டும். வண்டியில் குளிர்ந்த ஈரத்துணி ஒன்றும் தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள், நல்ல வெயிலில் வயதான பூனைக்கு அந்தப் பயணம் கஷ்டம்.

10. உடனே நிறுத்தி வைத்தியரிடம் போக வேண்டிய நேரங்கள்

திடீரென்று கால் தளர்ந்து சாய்ந்தால், இதயம் மிக மெதுவாக அடித்தால் பொட்டாசியத்தை நிறுத்துங்கள். பொட்டாசியம் குறைந்தாலும் தளர்ச்சிதான், கூடினாலும் தளர்ச்சிதான், வீட்டில் பிரித்தறிய முடியாது, அதனால் இன்னொரு குளிசை கொடுத்துப் பார்ப்போம் என்று செய்யக் கூடாது.

சிறுநீர் நின்றால் எந்த மருந்தும் வேண்டாம், அந்த மணித்தியாலமே புறப்படுங்கள்.

மூன்று நாளாக மலம் போகவில்லை என்றால் அலுமினியம் மருந்தைப் பற்றிக் கேளுங்கள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் பொஸ்பரஸ் மருந்தை நிறுத்திவிட்டு, முதலில் ஏதாவது சாப்பிட வையுங்கள், அது முள்ளில்லாத வெறும் மீனாக இருந்தாலும் சரி, பூனைக்குப் பிடித்த எதுவாக இருந்தாலும் சரி. பொஸ்பரஸை அடுத்த கிழமை பார்த்துக்கொள்ளலாம்.